எல்லைச் சீமையின் அரசர்கள்

1623-இல் ராபர்ட் டி நொபிலி மதுரையை விட்டு வடக்கே கிளம்பினார். காவி உடுத்தி, சந்தனம் பூசி, புலால் தொடாமல் வாழ்ந்த இயேசு சபைத் துறவி. தமிழ்க் கிறித்தவர்களுக்குத் தத்துவ போதகர். திருச்சியைத் தாண்டி அவர் போய்ச் சேர்ந்த ஊர் சேந்தமங்கலம். கொல்லிமலை அடிவாரத்தில் பாளையப்பட்டை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்றார். அங்கிருந்து சேலம் போனார். சேலத்தில் தம்பியிடம் ஆட்சியை இழந்து நின்ற திருமங்கல நாயக்கர் 1625-இல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்.

இதைப் படித்தபோது என் மேசையில் செக் நாட்டு வரலாறு ஒன்றும் திறந்து கிடந்தது. 1618-இல் பிராக் அரண்மனையில் பேரரசரின் அதிகாரிகளை ஜன்னல் வழியே வெளியே வீசினார்கள் அங்குள்ள புராட்டஸ்டன்ட் பிரபுக்கள். கூடவே இயேசு சபையினரையும் நாட்டைவிட்டு விரட்டினார்கள். 1620 நவம்பரில் வெள்ளை மலைப் போரில் பிரபுக்கள் தோற்றார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் நகரச் சதுக்கத்தில் 27 பேருக்கு மரண தண்டனை. திரும்பி வந்த இயேசு சபையிடம் 1622-இல் பிராக் பல்கலைக்கழகமே ஒப்படைக்கப்பட்டது. ஒரே சபை, ஒரே காலம். பிராகில் அவர்களுக்குப் பின்னால் பேரரசரின் படை நின்றது. சேந்தமங்கலத்தில் ஒரு பாளையக்காரரின் சம்மதம் இல்லாமல் அவர்களால் இரவு தங்கக்கூட முடிந்திருக்காது.

ஆஸ்திரியா, சாக்சனி, போலந்து என்று நாலு பக்கமும் பெரிய அரசுகள் சூழ்ந்த நாடு செக் நாடு. அந்த நெருக்கடியின் ஒவ்வொரு நாளையும் செக் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் சேலம், நாமக்கல் சீமையும் மைசூருக்கும் மதுரைக்கும் நடுவே அப்படித்தான் கிடந்தது. ஆனால் நாயக்கர் காலம் என்றால் நமக்குத் திருமலை நாயக்கர் மகால்தான். நடுவில் இருந்தவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு பத்திகூடச் சொல்வதில்லை. அந்த ஆற்றாமைதான் என்னை பஸ் ஏற்றியது.

முதலில் தாரமங்கலம். சேலத்திலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தெருவுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கிறது. அதைக் கடந்தால் மேற்கு பார்த்த கைலாசநாதர் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரம். அடித்தளத்தில் யானைகளும் குதிரைகளும் இழுக்க, கோபுரமே தேராக நகர்வதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். இந்தக் கோயிலை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர்கள் இந்தச் சீமையை ஆண்ட கட்டி முதலிகள். மும்முடிக் கட்டி முதலி, சீயாழக் கட்டி முதலி, வணங்காமுடிக் கட்டி முதலி என்று தலைமுறை தலைமுறையாக வேலை நடந்திருக்கிறது.

மண்டபத்து யாளிகளின் வாய்க்குள் கல் உருண்டைகள் உருள்கின்றன, வெளியே எடுக்க வழியில்லை. கூரையிலிருந்து கல் சங்கிலி தொங்குகிறது. வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா, நான் தூண்களையே சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "வாலிகிட்ட நின்னு பாருங்க, ராமரு தெரிய மாட்டாருங்க. ராமருகிட்ட போயி நில்லுங்க, வாலி தெரிவாரு" என்றார். நின்று பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. ராமர் வில்லோடு மறைந்து நிற்கும் தூணிலிருந்து வாலியும் சுக்ரீவனும் சண்டையிடுவது தெளிவாகத் தெரிகிறது. வாலியின் இடத்துக்குப் போனால் வில்லாளி மறைந்துவிடுகிறார். எந்தப் பக்கத்திலிருந்து அம்பு வரும் என்று தெரியாமல் ஆண்ட ஒரு குடும்பம், இந்தச் சிற்பத்தைப் பார்த்து என்ன நினைத்திருக்கும் என்ற யோசனையோடு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

கட்டி முதலிகள் மதுரை நாயக்கருக்கு அடங்கியவர்கள். தாரமங்கலம், அமரகுந்தி, ஓமலூர், காவிரிபுரம் என்று அவர்கள் கை நீண்டிருந்தது. இதில் காவிரிபுரம் முக்கியம். கொள்ளேகால் பக்கத்திலிருந்து மலை இறங்கும் கணவாயின் வாயில் அது இருந்தது. மதுரைக்கு வடக்கு எல்லைக் காவல். மைசூருக்குச் சமவெளிக்குள் நுழையும் வாசல். 1638 முதல் 1659 வரை ஆண்ட மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜா அந்த வாசலைத்தான் தட்டினார். கட்டி முதலிகளின் ஊர்கள் ஒவ்வொன்றாக அவர் கைக்குப் போயின. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை எதிர்ப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டே மதுரைவரை போனதை எல்லோரும் சொல்வார்கள். அந்தப் படை நடந்தது கொங்கு நாட்டு வழியே. இங்கிருந்த குடியானவர்கள் கதையை நாம் சொல்வதில்லை. 1659-இல் திருமலை நாயக்கரும் கண்டீரவரும் ஒரே ஆண்டில் இறந்துபோனார்கள். இழுபறி மட்டும் நிற்கவில்லை. சிக்க தேவராஜா காலத்தில், 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள், இந்தச் சீமை மைசூரின் கைக்குள் வந்துவிட்டது.

பழைய காவிரிக்கரையின் பெரும்பகுதி 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. நீர் இறங்கும் கோடையில் பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தலைகாட்டும்.

சங்ககிரி மலைக்கோட்டையில் ஏறியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வாசலுக்கு மேல் வாசல். விஜயநகரக் காலத்துக் கோட்டை, பிறகு மைசூர், பிறகு கிழக்கிந்தியக் கும்பினி என்று கை மாறியது. கும்பினியை எதிர்த்துப் போராடிய தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31-இல் இங்கேதான் தூக்கிலிட்டார்கள். ஆடிப் பதினெட்டில் ஊரே மாலையோடு கூடுகிறது. எல்லைச் சீமையின் வரலாற்றில் மக்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு நாளைத்தான். அதையாவது பிடித்திருக்கிறார்களே என்று மனம் நெகிழ்ந்தது.

நாமக்கல்லில் ஊர் நடுவே ஒற்றைப் பாறை. 8-ஆம் நூற்றாண்டில் அதியர் குலத்துக் குணசீலன் அதன் இரு பக்கமும் குடைவித்த கோயில்கள்: மேற்கே நரசிம்மர், கிழக்கே பள்ளிகொண்ட ரங்கநாதர். அதியேந்திர விஷ்ணு கிருகம் என்கிறது கிரந்தக் கல்வெட்டு. பல்லவருக்கும் பாண்டியருக்கும் நடுவில் இருந்த குறுநில மன்னன் அவன். கட்டி முதலிகளுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு முந்தியே இந்த மண்ணில் அதே நிலைமைதான். நரசிம்மரின் நகம் இரணியன் வயிற்றைக் கிழிக்கும் அந்தப் புடைப்புச் சிற்பத்தில் தெரியும் வேகத்துக்கு, மாமல்லபுரத்துக்குச் சமமாக இடம் கொடுப்பேன். சற்றுத் தள்ளி ஆஞ்சநேயர் கோயில் வரிசையில் நிற்கும் கூட்டத்தில் கொஞ்சம் பேராவது உள்ளே வந்து பார்க்க வேண்டும்.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறினேன். மேலே செங்கல் கைப்பிடிச் சுவர் கொண்ட சின்னக் கோட்டை, உள்ளே ஒரு பெருமாள் கோயில். சேந்தமங்கலத்து இராமச்சந்திர நாயக்கர் கட்டியது என்பார்கள். மைசூர் அதிகாரி ஒருவர் கட்டியது என்றும் சொல்வார்கள். 1768-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஹைதர் அலி மீட்டார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் கும்பினிக்குக் கொடுத்தார். அதன்பின் இது எல்லை இல்லை. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, பாளையக்காரரை ஒதுக்கிவிட்டுக் குடியானவரிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் பழகிப் பார்த்தார்கள். பிறகு அது மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது.

மாலையில் சேந்தமங்கலம் போனேன். நாமக்கல்லிலிருந்து அரைமணி நேரம். வழியெல்லாம் மரவள்ளிக் காடு, கோழிப்பண்ணைகளின் நீளக் கொட்டகைகள், எதிரே கொல்லிமலை. டீக்கடைப் பெரியவரிடம் இராமச்சந்திர நாயக்கரைப் பற்றிக் கேட்டேன். "ராசா இருந்த ஊருங்க இது. நாமக்கல் கோட்டையே அவுங்க கட்டினதுதானுங்க. எங்க தாத்தன் சொல்லும்" என்றார். ரோமாபுரியிலிருந்து ஒரு சாமியார் வந்ததைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எந்த வருசமுங்க?" என்று கேட்டார். 1623 என்றேன். பக்கத்தில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த பேரனைக் கூப்பிட்டு, அந்த வருசத்தைக் குறித்து வைக்கச் சொன்னார். பையன் குறித்துக்கொண்டு, ராசா பேரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான்.