நஞ்சு வெளியேறும் வாசல்

எங்கள் பாட்டி காலராவின் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார். ‘அந்த நோவு’ என்பார். மிஞ்சினால் ‘கக்கல் கழிச்சல்’. அவர் பிறந்த வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பேரை அது கொண்டுபோயிற்றாம். விலங்கியல் மாணவனாகிய நானோ அதைக் கால்புள்ளிபோல வளைந்த ஒரு நுண்ணுயிராகவே அறிந்திருந்தேன். தேர்வுக்கு அது போதும். ஆனால், குடலில் கிடக்கும் ஓர் அற்ப உயிர் ஆளை ஒரே நாளில் வற்றவைப்பது எப்படி?

1884-இல் கல்கத்தாவில் அக்கிருமியைப் பிரித்துக் காட்டியவர் ராபர்ட் கோக். அது கக்கும் நஞ்சே கொல்கிறது என்று மெய்ப்பித்தவர் அதே நகரத்து சம்புநாத் டே, ஆண்டு 1959. கிருமிகளை வடிகட்டி நீக்கிய வெறும் திரவத்தை முயலின் குடலில் செலுத்தினார். குடல் நீர்கோத்து வீங்கியது. எழுபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த விடை!

இதை வகுப்பில் நான் பெருமையோடு சொன்னபோது, பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு கோடுகளை இழுத்தார். “கிருமியைச் சுற்றி இரண்டு சவ்வுகள், தம்பி. நஞ்சு எப்படித் தாண்டும்?” என்றார். அந்தக் கேள்விதான் என்னை நூலகத்தில் உட்காரவைத்தது.

வெளிச்சவ்வில் சாதாரணத் துளைகள் உண்டு. உப்பும் சர்க்கரையும் போன்ற சிறு பொருள்களே அவற்றில் நுழையும். காலரா நஞ்சோ ‘ஏ’ துண்டு ஒன்றும் ‘பி’ துண்டுகள் ஐந்தும் சேர்ந்த பெரிய புரதம். துண்டுகள் மடிக்காத நூலாக உட்சவ்வைத் தாண்டி, இரு சவ்வுகளுக்கும் நடுவே மடிந்து ஒன்றுசேர்கின்றன. சேர்ந்தபின் வெளியேறுவது, வீட்டுக்குள்ளேயே செய்த கட்டிலை வாசல் வழியே எடுத்துப்போவது போலத்தான். அதற்கென்றே வெளிச்சவ்வில் ‘செக்ரிட்டின்’ என்னும் பெருவாசல் இருக்கிறது. ஒரே வகைப் புரதம் பல வளையமாகக் கூடி, இரட்டைச் சுவருள்ள பீப்பாய்போல் நிற்கிறது. நடுவில் மூடிய கதவு. அது சும்மா திறந்து கிடந்தால் கிருமியே ஒழுகிச் செத்துவிடும். உட்சவ்விலிருந்து புரதத் தண்டு ஒன்று வளர்ந்து, சைக்கிள் பம்பின் தண்டுபோல் நஞ்சை உந்துவதாகக் கருதுகிறார்கள்.

வளையத்தில் எத்தனை புரதங்கள்? 2010-இல் வெளிவந்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் பன்னிரண்டு என்றது. அந்தப் படம் மங்கலானது. 2017-இல், புரதச் சங்கிலியையே தடம்பிடிக்கும் அளவுக்குத் தெளிவான படம் கிடைத்தது, எண்ணிக்கை பதினைந்து! ஏழே ஆண்டுகளில் கணக்கு மாறியதைக் கண்டு சிலர் விஞ்ஞானத்தைக் கேலி செய்யலாம். எனக்கென்னவோ இந்த இடம்தான் மிகவும் பிடித்தது.

மருந்தால் இக்கதவை அடைக்க இயலுமா என்றும் ஆராய்கிறார்கள். கிருமி சாகாது, ஆயுதம் மட்டும் அதன் கையை விட்டுப் போகும்.

இன்னொன்றும் படித்தேன். இதே வாசல் வழியாகத்தான் கைட்டினைச் செரிக்கும் நொதியும் வெளியேறுகிறது. கடலிலும் கழிமுகத்திலும் வாழும் நுண்ணிய ஓட்டுடலிகளின் ஓட்டைக் கரைத்து, அக்கிருமி அதைக்கொண்டே வயிறு வளர்க்கிறது. மனிதக் குடல் அதற்கு எப்போதாவது வாய்க்கும் இடம்.