சரவெடியும் நரம்பும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் வாழும் நமக்குச் சரவெடியின் இயல்பை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரியில் பற்றிய பொறி அடுத்தடுத்த வெடிக்குத் தாவிச் சரம் முழுவதும் வெடித்துத் தீர்கிறது. வலிப்பு நோயில் மூளையினுள் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. சில நரம்பணுக்களின் மின்துடிப்பு கட்டுமீறி அண்டை அணுக்களுக்கும் பரவுகிறது. துடிக்கும் பிள்ளையின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதை நாம் கண்டிருக்கிறோம். சாவியால் வலிப்பு நிற்பதில்லை.

கஞ்சாச் செடியில் உள்ள கன்னாபிடியால் என்னும் பொருள் போதை தருவதன்று. நரம்பணுவினுள் கால்சியம் பெருகுவதைக் குறைத்தும், மூளையை அமைதிப்படுத்தும் அடினோசினை நீடிக்கச் செய்தும், அது பொறி தாவாமல் தடுப்பதாக அறிஞர் கருதுகின்றனர். வலிப்புற்ற பச்சிளங் குழந்தைக்குக் கஞ்சாச் சாரம் கொடுத்துப் பயன்கண்டதைக் கல்கத்தா மருத்துவர் ஓஷாக்னெசி 1839-ஆம் ஆண்டளவிலேயே பதிவு செய்தார். தூய கன்னாபிடியால் மருந்துக்கு, டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்னும் இருவகைக் கடும் வலிப்புகளுக்காக, 2018-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

புற்றுநோயின் நிலை வேறு. ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்கள் சில மடிந்தன. மனிதரிடம் நோயைத் தீர்க்குமென்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும், "இந்த எண்ணெயே போதும்" என்று கதிர்வீச்சுச் சிகிச்சையைக் கைவிடத் துணியும் உறவினர் நம்மிடையே உண்டு. வலிப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோரும் உண்டு. கன்னாபிடியால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். பிற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் மாற்றக்கூடும். ஆகவே, துன்புறுவோரிடம் நம்பிக்கையைப் பேசும் நாம் உண்மையையும் சேர்த்தே பேசுவோம். மருத்துவமனைக்கு அவர்களோடு துணைக்குச் செல்வதும் நம் கடமையே.