இரண்டரை சென்டிமீட்டர்

ஃபெர்லாக், ஆஸ்திரியா



தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது, "வளர்ற பிள்ளை, ரெண்டு விரல் கூடவே வைங்க" என்று அம்மாக்கள் தையல்காரரிடம் சொல்லும் குரல் இந்த ஊரில் ஓயாமல் நினைவுக்கு வருகிறது. இங்கே அளவெடுப்பது வேட்டைத் துப்பாக்கிக்கு. அதில் இரண்டு விரல் கூட்டி வைக்க இடமே கிடையாது.

கிளாகன்ஃபுர்ட்டுக்குத் தெற்கே, திராவ் ஆற்றைத் தாண்டினால் ஃபெர்லாக். முதுகுக்குப் பின்னால் காரவாங்கன் மலை, அதற்கப்பால் ஸ்லோவேனியா. 16ஆம் நூற்றாண்டிலிருந்து துப்பாக்கிக் கொல்லர்கள் வாழும் ஊர் இது. அவர்களுடைய தொழிலுக்கென்று 1878இல் பள்ளிக்கூடமே தொடங்கினார்கள்.

ஒரு பட்டறையில் அன்று காலை வந்திருந்தவர் குள்ளமான ஒரு பெண்மணி. கையில் தாத்தாவின் துப்பாக்கி. சுட்டால் கன்னத்தில் அறைகிறது, குறியும் தப்புகிறது என்றார். துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையைச் செய்யும் பெரியவரான தச்சர் முதலில் தோட்டா அறையைத் திறந்து உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்தார். பிறகு, "வேட்டைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். மலைக்குளிருக்கான தடித்த கம்பளிக் கோட்டும் அளவில் சேர்த்தி. சட்டையோடு அளந்த கட்டை, கோட்டு போட்டதும் நீளமாகி அக்குளில் சிக்கும்.

கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றச் சொன்னார். அப்புறம் கண்ணைத் திறக்கச் சொன்னார். கட்டை உடம்புக்குப் பொருந்தியிருந்தால், குறிபார்க்கும் ஸ்கோப்புக்குள் முழு வட்டம் தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்தது ஓரத்தில் கறுத்த பிறை. காரணம் எளிது: தாத்தா காலத்தில் குழல் மேலிருந்த இரும்புக் குறியைப் பார்த்துச் சுட்டார்கள், கன்னம் தாழப் படிந்தால் போதும். பின்னாளில் யாரோ மேலே ஸ்கோப்பைப் பூட்டிவிட்டார்கள். அதை எட்டிப் பார்க்க அவர் தலையைத் தூக்குகிறார். கன்னம் மரத்தில் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில். துப்பாக்கி உதைக்கும்போது மரம் எழும்பிக் கன்னத்தில் அடிக்கிறது.

தச்சர் அட்டைத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக மரத்தில் ஒட்டி உயர்த்திக்கொண்டே போனார். 12 மில்லிமீட்டரில் பிறை மறைந்தது. அந்தக் கணம் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை 36.5 சென்டிமீட்டர், அவருக்கு 34 போதும். அறுத்தால் கண் முன்னே நகரும், உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். ஆகவே ஸ்கோப்பையும் அதே அளவு முன்னே தள்ள வேண்டும். பின்முனையின் கீழ்மூலை அவர் மார்பில் குத்துவதைப் பார்த்து, அதையும் சற்று வெளிப்பக்கம் திருப்பக் குறித்துக்கொண்டார்.

தொழிற்சாலைத் துப்பாக்கிகள் மீது உண்மையான கோபம் வருவது இங்கேதான். நடுத்தர உயரமுள்ள, வலக்கை ஆண் ஒருவனை மனத்தில் வைத்துக் கட்டையைக் கடைந்து உலகமெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். பொருந்தாதவர்கள் தங்களுக்குச் சுடத் தெரியவில்லை என்று நம்பிவிடுகிறார்கள். இந்தப் பெண்மணியும் ஆறு வருடம் அப்படித்தான் நம்பியிருந்தார். இரண்டு இலையுதிர்காலத்துக்கு முன் ஒரு மான் அடிபட்டு ஓடியதையும், இருட்டும் வரை நாயோடு தேடியதையும் தலைகுனிந்து சொன்னார். இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையை மறந்துவிட்ட நம் நாட்டவருக்கு இந்தக் காடும் வேட்டைக் கணக்கும் புதிது. இங்கே தேர்வெழுதி உரிமம் வாங்கியவர்கள், மாவட்டம் வகுத்த எண்ணிக்கைப்படி மான் சுடுகிறார்கள். சுடுவது சரியா என்ற வழக்கு தனி. சுடுவதானால் அந்த உயிர் காயத்தோடு அலையக் கூடாது. அதற்கு இந்த 12 மில்லிமீட்டர் பொறுப்பு.

மதியம் காஸ்நூடல் சாப்பாடு. தயிர்ப்பாலாடையும் புதினாவும் அடைத்து, ஓரத்தைச் சோமாசி போலவே மடித்து முறுக்கியிருந்தார்கள். புதினா வாசனையில் ஊர் வந்துவிட்டது.

பட்டறைக்குத் திரும்பியபோது கட்டை அறுபட்டிருந்தது. வால்நட் மரத்தின் உள்நிறம், எண்ணெய் படாத இளநிறமாக வெளியே தெரிந்தது. அறுத்த துண்டைத் தச்சர் எறியவில்லை. பென்சிலால் தேதியும் அளவும் எழுதி, காகிதத்தில் சுற்றி அந்தப் பெண்மணியிடம் கொடுத்தார். அவருடைய மகனுக்குப் பதினான்கு வயது. இப்போதே அம்மாவைவிட உயரமாம். துப்பாக்கி அவன் கைக்குப் போகும் நாளில் இதை மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் என்றார்.