பொய்ச் சாட்சி

என் காருக்கு வயது பன்னிரண்டு. ஒரு தொடர்கதைக்கு வந்த பணமும், போதாக்குறைக்கு ஒரு வங்கிக் கடனும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த வாகனம் அது. ஆகையால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அதற்கு ஒரு நடுக்கம் கண்டது.

ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. துவாக்குடி தாண்டித் தஞ்சாவூர்ச் சாலையில் விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். நின்றால்தான் வம்பு. தலைமைத் தபால் நிலையச் சிக்னலில் சிவப்பு விழுந்ததோ இல்லையோ, உடம்பெல்லாம் உதறத் தொடங்கிவிடும். சில சமயம் ஒரு இருமல் இருமிவிட்டு அணைந்தும் போகும். பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரனாலேயே என் வம்சத்தை விசாரிப்பார்.

"நம்ம வண்டிக்குச் சாமி வந்திருக்குங்க. வேப்பிலை வச்சுப் பாருங்களேன்" என்றாள் என் மனைவி.

எனக்குச் சாமி மேல் சந்தேகம் இல்லை. பாய் மேல்தான் சந்தேகம்.

பாய், பால்பண்ணைப் பக்கம் தகரக் கொட்டகையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். அறுபதைத் தாண்டியவர். கார்புரேட்டர் காலத்தில் தொழில் பழகியவர். போன ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அவர்தான் வண்டியைச் சர்வீஸ் செய்து கொடுத்தார். அவர் கை பட்டு நாலு மாதம் முடியவில்லை, வண்டி நடுங்குகிறது. வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

"பாய்க்கு வயசாயிட்டது. இந்தக் காலத்து வண்டியெல்லாம் அவருக்குப் பிடிபடல்லே" என்று காலை நடையில் கூட வரும் இரண்டு நண்பர்களிடம் சொன்னேன். கதை எழுதுகிறவன் அல்லவா? கேட்கிறவர்கள் நம்பும்படியாகவே சொன்னேன். இருவரும் பாயிடம் வண்டி விட்டுக்கொண்டிருந்தவர்கள்.

பிறகு ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். கம்ப்யூட்டரைப் பொருத்திப் பார்த்து, ஒரு குற்றமும் பதிவாகவில்லை என்றார்கள். ஆனாலும் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள், த்ராட்டிலைக் கழுவினார்கள், 7,800 ரூபாய்க்குப் பில் கொடுத்தார்கள். அன்று மாலை சிக்னலில் வண்டி பழையபடி சாமியாடியது.

வேறு வழியில்லாமல் பாயிடமே போனேன். இடையில் நடந்தது எதையும் அவர் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவி, எங்காவது காற்று ஒழுகுகிறதா என்று பார்த்தார். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்த குழாயில் செருகியிருந்த ஒரு சின்னக் கறுப்புச் சாமானின் ஒயரைப் பிடுங்கினார். மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நடுக்கம் நின்றுவிட்டது!

"ஏர் ஃப்ளோ சென்சார் சார். இது இல்லாட்டி வண்டி நல்லா இருக்கு, இருந்தாத்தான் கெடுக்குது" என்றார்.

என்ஜினுக்கு மூச்சு எவ்வளவு முக்கியம் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் 9,000 லிட்டர் காற்றுக்கு மேல் ஆகிறது. உள்ளே போகும் காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் இந்தச் சென்சாரின் உத்தியோகம். அதற்குள்ளே தலைமயிர் போன்ற ஒரு கம்பியோ மெல்லிய தகடோ மின்சாரத்தால் சூடாகிக்கொண்டிருக்கிறது. காற்றுப் பட்டால் சூடு தணியும். அந்தச் சூட்டைத் தணியவிடாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, அதிலிருந்து காற்றின் அளவு தெரிந்துவிடும். பாயசத்தை ஊதி ஆற்றுகிற அதே சங்கதிதான். மான்ட்ரியால் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் இருந்த எல். வி. கிங் என்பவர் 1914-இல் இதற்குக் கணக்கு எழுதி வைத்தார். கல்லூரியில் இரண்டு வருஷம் நான் படித்த பௌதிகத்தில் இது என் காதில் விழவே இல்லை. பாயின் ஷெட்டில்தான் விழுந்தது.

கம்பியின்மேல் தூசி படிந்துவிட்டால் கணக்குத் தப்பிப்போகிறது. வேகமாகப் போகும்போது காற்று ஏராளம்; சிறு பிசகு அதில் அடிபட்டுப்போகும். நின்றுகொண்டு ஓடும்போதோ விநாடிக்கு இரண்டு மூன்று கிராம் காற்றுத்தான். அதில் அரை கிராம் பொய் என்றால் என்ஜின் தாங்குமா?

"அப்படியானால் பெரிய ஒர்க்‌ஷாப் கம்ப்யூட்டர் ஏன் கண்டுபிடிக்கவில்லை?" என்று கேட்டேன். என் வாயாலேயே உளறிவிட்டேன்.

பாய் சிரித்தார். "செத்துப்போன சென்சார்னா உடனே காட்டிக் கொடுத்துடும் சார். இது உசிரோட இருந்துக்கிட்டுப் பொய் சொல்லுது. சொல்ற பொய்யும் நம்புற மாதிரி இருக்கு. ஒயரைப் புடுங்கினா, இவன் இல்லேன்னு தெரிஞ்சுக்கிட்டு அது தானா ஒரு கணக்குப் போட்டுக்குது."

அதற்கென்று உள்ள திரவத்தைப் பீய்ச்சிக் கழுவிப் பார்த்தார். விரலோ துணியோ படக்கூடாதாம், கம்பி போய்விடும். கழுவியும் முழுக்கத் தேறவில்லை. புதிது வாங்கி வர ஆள் அனுப்பிவிட்டு, ஃபில்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர் நிமிர்ந்தார். பெட்டி மூடியின் கிளிப் ஒன்று மாட்டாமல் தொங்கியது. இடுக்கு வழியாக, பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்ட எங்கள் தெருவின் செம்மண் அத்தனையும் உள்ளே போயிருந்தது.

"இதை யார் சார் கழட்டினது?"

ஆயுத பூஜையன்று காலை ஞாபகத்துக்கு வந்தது. வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிற உற்சாகத்தில், ஃபில்டரையும் எடுத்துத் தட்டி வைத்த புண்ணியவான் நான்தான். பூசணிக்காய் உடைக்க நேரமாகிறது என்று மனைவி கூப்பிட, மூடியை அவசரமாக அமுக்கிவிட்டுப் போனேன்.

"நான்தான், பாய்" என்றேன்.

"பரவாயில்லே சார். எல்லாரும் செய்யறதுதான்."

கூலியாக 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிளிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். காலை நடையில் பேசியதைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் நண்பர்களிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஒருவர் அந்த வாரமே பாயிடம் திரும்பிப் போனார். மற்றவர் வேறு இடத்தில் வருஷக் கணக்காகப் பணம் கட்டிவிட்டிருந்தார்.

"இப்போ இப்படிச் சொல்றீங்க. அன்னிக்கு நீங்கதானே அவருக்குப் பிடிபடல்லேன்னீங்க?" என்றார்.

ஆமாம், நான்தான் சொன்னேன்.