தண்ணீர் நின்ற கோடு

வெள்ளம் வற்றிய பிறகுதான் எனக்கு வேலை தொடங்கும். சனம் வீட்டைக் கழுவுவதற்கு முன் போய்ச் சேர்ந்தால் நல்லது. போனதும் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன்.

மட்டக்களப்பு வாவி வெள்ளம் கடலைப் போல அடித்து உடைக்காது. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக் குளங்களும் ஆறுகளும் நிரம்பி வாவிக்குள் இறங்கும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் போக வழியின்றி மெல்ல ஏறி, ஏறிய இடத்திலேயே நிற்கும். சுவரில் பழுப்பாக ஒரு கோடு விழும். அதில் ஆற்றுவாழை வேர்கள் காய்ந்து ஒட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டுச் சுவரிலும் கோயில் மதிலிலும் அதே மட்டம். மேசன்மார் மட்டம் பார்க்கும் ரியூப்பைப் பிடித்தால் சரியாக நிற்கும். ஒரு வீட்டில் மட்டும் கோடு ஓர் அடி உயர்ந்திருந்தால் அங்கே வாளியும் சேறும் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். சனம் பொய் சொல்லும் என்று கொழும்பில் இருப்பவர்கள் நினைக்கும் அளவுக்கு இது நடப்பதில்லை. நான் கண்டது இரண்டே தடவைதான்.

என்னைக் கண்டதும் "வெட்டுறவர் வந்திட்டார்" என்பார்கள். அதில் நியாயமும் உண்டு, எனக்குக் கூலி தருவது காப்புறுதிக் கம்பனிதானே. ஆனால் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்ட என்னைப் போன்ற இழப்பு மதிப்பீட்டாளருக்குக் கூட்டி எழுதவும் உரிமையில்லை, குறைத்து எழுதவும் உரிமையில்லை. நட்டம் வருவதற்கு முந்திய நாள் அந்த மனிதர் எங்கே நின்றாரோ, காசளவில் அங்கே கொண்டுபோய் விடுவதுதான் நட்டஈடு.

சுவர்க்கோட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்த காலம் 2011 ஜனவரி வெள்ளத்தோடு முடிந்தது. படுவான்கரையில் ஒரு நெல் மில். களஞ்சியத்தில் சிறுபோக நெல் பன்னிரண்டு அடுக்கு மூட்டை. கோடு இரண்டரை அடியில் நின்றது. கீழ் மூன்று அடுக்கு நனைவு, மிச்சம் நல்லது என்று கொப்பியில் எழுதிவிட்டேன். மூட்டை தூக்கும் வயதான நாட்டாமை ஒருவர் வாசல் நிலையில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மனே, செவரையே பாக்கிறீங்க? மேல் மூட்டைக்குள்ள கைய வைச்சுப் பாருங்க. மறுகா எழுதலாம்."

ஆறாம் அடுக்கில் ஒரு சாக்கைக் கீறி முழங்கை வரை விட்டேன். சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பானைக்குள் கை விட்டது போலச் சுட்டது. வெளியே எடுத்த பிடி நெல்லில் புளித்த வாடை, இரண்டு மூன்று மணிகளில் வெள்ளை முளை. தண்ணீர் சுவரில்தான் மட்டமாக நிற்கும். சாக்கில் திரி எண்ணெய் உறிஞ்சுவது போல மேலே ஏறும். சேமிக்கும் நெல்லில் ஈரம் 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் நெல் மூச்சுவிடத் தொடங்கும், பூஞ்சணம் சேரும், சூடு ஏறும். குற்றினால் அரிசி மஞ்சளாகி நொறுங்கும். அன்று மாலை வரை எல்லா மூட்டைகளையும் இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஏழாம் அடுக்கு வரை நட்டம். அந்தச் சூடேறிய நெல்லைக் கோழித்தீனுக்கு உடனே விற்கச் சொன்னேன். விற்ற காசு நட்டஈட்டில் கழியும் என்றதும் மில்காரர் முகம் மாறியது. வைத்திருந்தால் அதுவும் போகும் என்பதை அவருக்கு விளங்கவைக்க ஒரு தேநீர் நேரம் பிடித்தது.

வெள்ளி நைத்திரேற்றுச் சோதனையும் சுவர்க்கோடு போலவே இங்கே காலை வாரும். நனைந்த பொருளைக் கழுவிய நீரில் ஒரு துளி விட்டால் உப்பு இருக்குமிடத்தில் பால்போலத் திரளும். கடல்நீரா மழைநீரா என்று துறைமுகத்தில் அதை வைத்துத் தீர்ப்பார்கள். வாவிக்கரையிலோ கிணறே உவர். சாக்குத் தூக்கியவரின் வியர்வைக்கும் அது வெளுக்கும். ஆகவே துளி விட்ட பிறகும் நாலு பேரிடம் கேட்பேன்: தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது, எத்தனை நாள் நின்றது?

கடல் அடித்த கதை வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மூத்த மதிப்பீட்டாளர் ஒருவரோடு கடலோர நாவலடிக்குப் போனேன். அங்கே கோடு பார்க்கச் சுவரே இல்லை. அவர் டேப்பை எடுக்கவுமில்லை.

இந்தத் தொழிலில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும் இடம் 'அவரேஜ்' கணக்கு. அந்த மில்காரரின் இருப்பு 20 இலட்சம் பெறும். பொலிசியோ 10 இலட்சத்துக்கு. நெல் விலை ஏற ஏற, பழைய தொகையையே வருடாவருடம் புதுப்பித்திருக்கிறார். கோழித்தீன் காசு கழித்து நட்டம் 6 இலட்சம் என்றால், பொலிசி பாதிக்கே என்பதால் கையில் கிடைப்பதும் பாதிதான், 3 இலட்சம். இதைக் கடிதத்தில் எழுதி அனுப்பலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் நேரில் போனேன்.

"வாரத்துக்கு விட்ட வயல் மாதிரி ஐயா. பாதி கம்பனி, பாதி நீங்க. விளைஞ்சாலும் அப்பிடித்தான், அழிஞ்சாலும் அப்பிடித்தான்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. உள்ளே இருந்து மனைவிதான் கொப்பியும் பேனையும் கொண்டுவந்தார்.

"சரி தம்பி. இந்தமுறை எவ்வளவுக்குப் போட வேணும், சொல்லுங்க."

களஞ்சியத்துக்குப் போய், நின்ற மூட்டைகளை மூவரும் எண்ணத் தொடங்கினோம்.