படப்பையில் ஏரி மீன் சாப்பாடு... கள் மட்டும்தான் மிஸ்ஸிங்!

கேரளாவுக்கு டூர் போய்வரும் நண்பர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றைச் சொல்வார்கள். “கள்ளுக்கடைச் சாப்பாடு மாதிரி வராது!” கள்ளைத் தொடாதவர்கள்கூட அங்கே கப்பாவுக்கும் மீன் கறிக்கும் வாத்துக் கறிக்கும் குடும்பத்தோடு போகிறார்கள். நம்மூரில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. கடை போனதோடு, அதை ஒட்டிய சமையலும் போய்விட்டது.

சரி, கள் வேண்டாம். ஊர் ஏரியில் பிடித்த மீனை ஊரிலேயே சமைத்துப் போடும் இடமாவது இருக்கிறதா? “தாம்பரம் பக்கத்துலேயே இருக்கே, படப்பைக்குப் போ” என்றார் அலுவலகத்து அண்ணன் ஒருவர். முடிச்சூர், மண்ணிவாக்கம், கரசங்கால் தாண்டினால் படப்பை. இடையில் சாலையின் இரண்டு பக்கமும் பிளாட் விளம்பரங்கள், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்கள். வயல் தெரிந்தால் போட்டோ எடுக்கலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு படம்தான் தேறியது.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகரக்கூரை போட்ட சின்ன மெஸ். நான்கே மேஜை. வாசலில் பிளாஸ்டிக் டப்பில் விரால் மீன்கள் உயிரோடு நெளிகின்றன. தண்ணீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் கொஞ்சம் தண்ணீரிலேயே தாக்குப்பிடிக்கிறது. உப்பும் சாம்பலும் போட்டு உரசி வழவழப்பை எடுத்த பிறகுதான் அதை வெட்டவே முடியும். அந்த வேலைக்கே முக்கால் மணி நேரம் ஆகிறது.

“இது எந்த ஏரி மீன்க்கா?”

“விரால் மணிமங்கலம் பக்கத்துலேருந்து வருதும்மா. ஜிலேபியும் அங்கதான். கட்லா மட்டும் ஆந்திரா லாரி. ஏன் பொய் சொல்லணும்?”

அந்த நேர்மைக்காகவே இன்னொரு கரண்டி குழம்பு கேட்டேன். மண்சட்டிக் குழம்பு. புளியும் மிளகாயும் தூக்கலாக இருந்தன, தேங்காய் கிடையாது. ஜிலேபி வறுவலில் முள் அதிகம். குழந்தைகளோடு போகிறவர்கள் விராலையே கேளுங்கள். இன்னொரு வேடிக்கை. ‘நம்மூரு மீன்’ என்று நாம் சாப்பிடும் ஜிலேபி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இந்தியாவுக்கு வந்தது 1952-ல்தான்!

கூட வைத்த சிறுகீரைக் கடைசல், கடைக்குப் பின்னாலேயே விளைந்தது. பழந்தமிழில் ‘படப்பை’ என்றால் தோட்டம், கொல்லை என்று அர்த்தம். அந்த இலையில் ஊர்ப் பெயருக்கு முழுசாகப் பொருந்தியது கீரைதான்.

‘பெரும்பாணாற்றுப்படை’ நினைவுக்கு வந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு, வழியில் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லும் 500 அடிப் பாட்டு அது. ஃபுட் விலாகுக்கெல்லாம் முன்னோடி! வலைஞர் வீட்டுக்குப் போனால், அரிசிக் களியை ஆறவைத்து, முளை நெல் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் ஊறவிட்டுப் பிழிந்த கள்ளும், சுட்ட மீனும் கிடைக்குமாம். நான் நின்ற வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் காஞ்சிபுரம் பக்கம்தான் போகிறது. சுடச்சுட மீன் இருந்தது. பக்கத்தில் கள்ளுக்குப் பதில் நீர்மோர்.

அக்காவுக்கு ஒரு கவலை இருக்கிறது. கோடையில் ஏரி வற்றினால் விரால் வராது. அந்த இரண்டு மாதம் லாரி மீனை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். மதியம் சாப்பிட வரும் கம்பெனிப் பையன்களில் பாதிப் பேர் ஃப்ரைடு ரைஸ் கேட்கிறார்கள். மீனை நிறுத்திவிட்டு அதையே போடலாம் என்கிறான் மகன்.

“அந்தப் பசங்களையும் குறை சொல்ல முடியாதும்மா. எங்கிருந்தோ வந்து வேலை பாக்குதுங்க, முள் எடுத்துச் சாப்பிட நேரம் ஏது? இந்த வருஷம் மழையைப் பாத்துட்டு முடிவு பண்ணணும்.”

மீன் சாப்பாடு 150 ரூபாய், விரால் என்றால் தனி விலை. ஒரு மணிக்குள் போய்விடுங்கள். நான் கிளம்பும்போது மணி இரண்டு. சட்டியில் குழம்பு மட்டும்தான் மிச்சமிருந்தது, டப்பில் ஒரே ஒரு விரால்.