திறப்புக் கோர்வை

காலை ஆறரை மணிக்கு நீர்வேலி விழித்து வெகுநேரமாகியிருக்கும். கதலிக்குலைகளையும் இதரைக்குலைகளையும் வாழைச்சருகால் பொதிந்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, தோட்டக்காரர்கள் பருத்தித்துறை வீதியால் சந்தைக்குப் போவார்கள். அந்த நேரத்துக்குத்தான் அவர் பள்ளிக்கூடப் படலையைத் திறப்பார். இடுப்புச் சேலையில் செருகிய திறப்புக் கோர்வை, ஒரு கையில் வாளி, மறு கையில் ஈர்க்குமாறு. எதிரேயிருந்த வாசிகசாலைத் திண்ணையில் பேப்பர் வரும்வரை காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். அவரோடு அதிகம் கதைத்ததில்லை. பார்த்தது மட்டும் நிறைய.

எங்கள் ஊர் செம்பாட்டு மண். மாரியில் பிள்ளைகளின் காலோடு வகுப்புக்குள் வந்துவிடும். கோடையில் புழுதியாய் எழும்பி வெள்ளைச் சட்டையில் ஏறும். அவர் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்து, அது சுவறும்வரை நின்று, பிறகுதான் கூட்டத் தொடங்குவார். பின்னுக்கு நடந்து நடந்து கூட்டுவார். படலையடிக்கு வந்து சேரும்போது அவருடைய கால்தடம்கூட முற்றத்தில் இருக்காது. ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் ஓடி வந்து அத்தனையையும் குழப்புவார்கள். அதைப் பார்த்து அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மணி என்பது அதிபர் அறைக்கு முன்னால் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடித்து முடித்ததும் உள்ளங்கையை அதன்மேல் வைத்துவிடுவார். ரீங்காரம் சட்டென்று நிற்கும். பாடம் தொடங்கிவிட்டதல்லவா.

காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடும்போது ஆசிரியர்களின் கண் வரிசையின் முன்னுக்கு இருக்கும். அவருடைய கண் பின்னுக்கு. எந்தப் பிள்ளை காலை மாற்றி மாற்றி நிற்கிறது, எந்தப் பிள்ளையின் உதடு காய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார். கூட்டம் கலைந்ததும் அந்தப் பிள்ளையை ஏதோ வேலைக்குக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவார். பின் விறாந்தையில் சீனி போட்ட பிளேன்ரீயும் ஒரு வாழைப்பழமும் காத்திருக்கும். வீட்டில் சாப்பாடில்லை என்று அந்தப் பிள்ளை யாருக்கும் சொல்லவேண்டி வராது.

இன்னொரு காட்சி. பத்து மணியிருக்கும். படலை திறந்தது. ஒரு மாணவியைத் தன் குடைக்குள் அணைத்தபடி அவர் வெளியே வந்தார். பிள்ளையின் இடுப்பைச் சுற்றி அவருடைய மாற்றுச் சேலை. வீதிப் பக்கம் தான் நடந்து, மதில் பக்கம் பிள்ளையை விட்டிருந்தார். "பயப்பிடாத பிள்ளை, அம்மாட்டத்தான் போறம்" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. எங்களை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். திண்ணையிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்தோம். எத்தனை வீட்டுப் படலைவரை இப்படிப் போயிருப்பார்! தாயிடம் சொல்லிவிட்டு, வாசலிலேயே திரும்பிவிடுவார். ஊரில் எந்தக் கதையும் அவர் வாயால் வந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் நாட்கூலிக்கு வந்தவர். நிரந்தர நியமனம் கிடைக்கக் காலமெடுத்தது. 1980இல் அரசாங்கம் இலவசப் பாடநூல் கொடுக்கத் தொடங்கியபோது கட்டுக்களை அவிழ்த்து வகுப்பு வகுப்பாக அடுக்கியது அவர்தான். புதுப் புத்தகத்தின் மணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வைப்பாராம். அந்தக் காலத்து ரீச்சர் ஒருவர் சொன்னது. புத்தகம் அடுக்கியவரோ ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

வீட்டில் மூன்று பிள்ளைகள். கணவருக்குத் தொய்வு, தோட்ட வேலைக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு, வகுப்பறைகளைப் பூட்டி, பின்னேரம் மற்றவர்களின் தோட்டத்தில் வெங்காயம் நடவும் புல்லுப் பிடுங்கவும் போவார். பொழுதுபட்டபின் சமையல். 1990இல் மின்சாரம் போய், மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தடை வந்த காலத்தில், ஒரு ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி மூன்று பிள்ளைகளும் இருந்து படித்தார்கள். திரி உயர்ந்தால் எண்ணெய் குடிக்கும் என்று பக்கத்திலிருந்து அதைக் குறைத்துக் கொடுப்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த பாடம். சட்டைகளைப் பனங்காயில் தோய்த்தார். அந்தப் பிள்ளைகளின் சீருடை வகுப்பிலேயே வெள்ளையாக இருந்தது.

மூத்தவன் ஒருநாள் பிந்தி வந்தான். சங்கக்கடை வரிசையில் நின்றுவிட்டு ஓடி வந்திருக்கிறான். கையில் எண்ணெய்ப் போத்தல். மணியடித்துப் படலை சாத்தியாயிற்று. "அம்மா" என்றான். "தம்பி, எல்லாரோடையும் நில்லுங்கோ" என்றார். அதிபர் வந்து பிந்தியவர்களை விசாரித்து உள்ளே விடும்வரை அவனும் வெயிலில் நின்றான். போத்தலை மட்டும் படலைக் கம்பிக்கூடாகக் கை நீட்டி வாங்கி வைத்துக்கொண்டார். நியாயம் என்பதை யாழ்ப்பாணத்தில் பலர் மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது அந்தப் படலையில் கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

1995 ஒக்ரோபரில் ரிவிரெச இராணுவ நடவடிக்கை அச்சுவேலி, புத்தூர் வழியாக இறங்கி வந்தபோது நீர்வேலி வெறுமையானது. ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய்–கைதடிப் பாதையாலும் தென்மராட்சிக்கு நகர்ந்தது. கணவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு அவரும் போனார். சாவகச்சேரிப் பக்கத்தில் அகதிகள் நிறைந்திருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு அரை விறாந்தை கிடைத்தது. விடியப்புறம் எழும்பி அந்தப் பள்ளிக்கூடத்தின் முற்றத்தையும் கூட்டினார். அங்கே அவருக்குச் சம்பளமும் இல்லை, கேட்பாரும் இல்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு சனம் திரும்பத் தொடங்கியது. தன் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கூரை ஓடு பாதி இல்லை. வாங்கு மேசை இல்லை. முற்றத்தில் இடுப்பளவு பற்றை. இடம்பெயர்வு முழுவதும் இடுப்பில் காவிய திறப்புக் கோர்வையைக் கையில் எடுத்தார். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரு கதவுகூட அங்கே மிஞ்சியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். கோர்வையைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு கத்தியை எடுத்துப் பற்றை வெட்டத் தொடங்கினார். அன்றைக்கு நாங்கள் இரண்டு மூன்று பேர் திண்ணையை விட்டு எழும்பிப் போனோம்.

நீர்வேலி படிப்பைக் கொண்டாடும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சங்கர பண்டிதரும் அவர் மகன் சிவப்பிரகாச பண்டிதரும் வாழ்ந்த மண் என்று இன்றும் சொல்லிக்கொள்வோம். அத்தியார் இந்துக் கல்லூரியில் படித்தவர்களும் அயலிலுள்ள சின்னப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு அனுப்புகிறார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட மலர்களைப் புரட்டினால் அதிபர்களின் படம் இருக்கும். கட்டடம் கட்டிக் கொடுத்தவர்களின் படம் இருக்கும். கூட்டியவர், மணியடித்தவர், தண்ணீர் அள்ளியவர் எந்தப் பக்கத்திலும் இருப்பதில்லை. இது எனக்கு ஆறாத குறை.

பிள்ளைகள் மூவரும் ஆளாகினார்கள். மகன் கனடாவுக்கு எடுப்பித்துப் பார்த்தான். குளிர் முடியமுன்னமே திரும்பி வந்துவிட்டார். ஓய்வு பெற்ற பின்னும் தவணை தொடங்கும் நாளில் படலையடிக்கு வந்து ஒருதரம் எட்டிப் பார்ப்பார்.

அவர் போய் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க ஆயத்தம் நடந்தது. எழுத்துப் பிழை பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பஞ்சபுராணம், வம்சாவழி எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெயருக்குக் கீழே "ஓய்வுநிலை உத்தியோகத்தர், கல்வித் திணைக்களம்" என்று உறவினர் ஒருவர் எழுதியிருந்தார். நாலு பேர் பார்க்கும் மலர், மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். மகள் வாசித்தாள். இப்போது அவளும் ஒரு ரீச்சர். பேனையால் அந்த வரியை வெட்டி, "பாடசாலைச் சிற்றூழியர்" என்று எழுதினாள். "மாமா, அம்மா செய்த வேலையைப் போடுங்கோ" என்றாள். உறவினர் ஒன்றும் சொல்லவில்லை. அச்சகத்துக்கு அப்படியே போனது.

பழைய மாணவர் சங்கத்துக்கு ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டுவிழா மலரில் அதிபர்களின் வரிசைக்குப் பக்கத்தில் ஊழியர்களின் வரிசையையும் போடுங்கள். சம்பளப் பதிவேடுகளைத் தேடினால் பெயர்கள் கிடைக்கும். கிடைக்காதவற்றை வாசிகசாலையில் வந்து கேளுங்கள். எங்களில் சிலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.